கோப்பையும் கூலியும்

கால்பந்தாட்டக் கழகங்களின் வரவு செலவைப் பற்றி மதரஸாவில் ஓதி வந்த ஓர் ஆசிரியன் எழுதப் புகுவது வாசக அன்பர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கலாம். 'அரபி இலக்கணம் கற்பிப்போருக்குப் பந்தாட்டத்தில் என்ன வேலை?' என்று கேட்பாரும் இருப்பர். பந்தை எப்படி உதைப்பது என்பது நமக்குத் தெரியாது. அதைப் பற்றி நாம் எழுதவும் போவதில்லை. ஆனால் கூலி என்றால் என்ன, ஒப்பந்தம் என்றால் என்ன, பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்பவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பனவற்றை முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகின்றோம். ஒரு பந்தாட்டக் கழகத்தின் கணக்கேட்டைப் புரட்டினால் இம்மூன்றும் அதில் இருக்கின்றன. ஆதலின் இப்பொருள் நமக்கு அந்நியமானதன்று.

அதிலும், நாம் பேச எடுத்துக்கொண்ட கழகம் நமக்கு அந்நியமானதே அன்று. கல்கத்தாவின் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1891ஆம் ஆண்டில் தோன்றியது. நெடுங்காலம் இரண்டாம் படியில் ஆடிக்கொண்டிருந்த அக்கழகம், 1933இல் அப்படியில் வென்று மேலேறி, 1934இல் முதற்படியில் ஆடிய முதல் ஆண்டிலேயே கல்கத்தா லீக் பட்டத்தைத் தட்டிச் சென்றது. அதுவரை ஆங்கிலேயரின் அணிகளே மாறி மாறி வென்று வந்த அப்பட்டத்தை ஓர் இந்தியக் கழகம் பெற்றது அதுவே முதன்முறை. அத்துடன் நிற்கவில்லை. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அப்பட்டம் அவர்களிடமே இருந்தது. 1940இல் டூரண்ட் கோப்பையையும் அக்கழகம் வென்றது. அக்கோப்பையைப் பெற்ற முதல் இந்தியக் கழகமும் அதுவே. அக்கழகத்தின் முஹம்மத் சலீம் என்னும் வீரர் 1936இல் ஸ்காட்லாந்து சென்று, காலணி அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு செல்டிக் கழகத்துக்காக ஆடினார் என்பதும் வரலாறு.

இப்புகழெல்லாம் கல்கத்தாவோடு நின்றுவிடவில்லை. தென்காசியில் நாம் சிறுவராக இருந்த நாளில், பந்தாட்டம் ஒன்றைக்கூட நேரில் பார்த்திராத பெரியவர்கள் திண்ணையில் அமர்ந்து, 'கல்கத்தா முஹம்மதன்' என்று சொல்லும்போது தங்கள் வீட்டுப் பிள்ளை வென்று வந்தது போன்ற பெருமிதத்தோடு சொல்வார்கள். ஒரு பெயருக்குள் எத்தனை குடும்பங்களின் மகிழ்ச்சி அடங்கிக் கிடக்கிறது என்பதை அப்போதே கண்டோம்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2024 ஏப்ரலில் அக்கழகம் ஐ-லீக் பட்டத்தை வென்றது. அவ்வெற்றியின் பயனாக நாட்டின் முதன்மைப் போட்டியான இந்தியன் சூப்பர் லீகில் இடம் கிடைத்தது. 1934இல் கீழ்ப்படியிலிருந்து மேலேறி வென்ற கதை மீண்டும் நிகழும் என்று பலரும் எதிர்பார்த்தனர். நடந்ததோ வேறு. 2025 ஜனவரியில், சம்பளம் நிலுவையில் இருந்ததால் வீரர்கள் பயிற்சிக்கு வர மறுத்தனர். அம்மாத இறுதியில் ரஷ்யப் பயிற்சியாளர் ஆந்திரே செர்னிஷோவ், தமக்கு மாதக்கணக்கில் ஊதியம் வரவில்லை என்று கூறிப் பொறுப்பிலிருந்து விலகினார். பருவ முடிவில் பதின்மூன்று அணிகளுள் பதின்மூன்றாவதாக அக்கழகம் நின்றது. அதே 2025இல், பழைய பாக்கிகளைத் தீர்க்கும்வரை புதிய வீரர்களைப் பதிவு செய்யலாகாது என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவும் தடை விதித்தது.

வென்றதால் மேலேறிய ஒரு கழகம், மேலேறிய சில மாதங்களிலேயே கூலி கொடுக்க இயலாமல் நிற்பது எப்படி? இக்கேள்விதான் நம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

இதற்கு விடை காண, ஒரு கழகம் எவ்வழிகளில் பொருளீட்டுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். உலகெங்கும் அவ்வழிகள் மூன்று. முதலாவது, ஆட்டத்தைக் காண வருவோர் கொடுக்கும் நுழைவுக் கட்டணமும் அன்று நடக்கும் விற்பனையும். இரண்டாவது, ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டும் உரிமைக்காக வரும் பணம். மூன்றாவது, சட்டையில் பெயர் பொறிப்பது முதலான விளம்பர வருவாய். இம்மூன்றும் சேர்ந்து 2023-24ஆம் பருவத்தில் ஸ்பெயின் நாட்டு ரியல் மாட்ரிட் கழகத்துக்கு 100 கோடி யூரோவுக்கு மேல் ஈட்டித் தந்தன. ஒரே பருவத்தில் அந்த எல்லையைத் தாண்டிய முதல் கால்பந்துக் கழகம் அதுவே.

நம் ஊர் வாசகர்களுக்கு இதை விளக்கக் குற்றாலத்தைக் காட்டிலும் பொருத்தமான உவமை வேறில்லை. ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று வீசிச் சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் வண்டிகள் எறும்பு வரிசையாக ஊரும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கும் கூட்டம். தங்கும் விடுதி நடத்துவோரும், பழக்கடை, எண்ணெய்க்கடை, சிப்ஸ் கடை வைத்திருப்போரும் அந்த மூன்று மாதத்தில் ஈட்டுவதைக் கொண்டே ஆண்டு முழுவதையும் ஓட்ட வேண்டும். கடைகளையும் வண்டி நிறுத்துமிடங்களையும் ஏலத்தில் எடுப்போர், அருவியில் தண்ணீர் விழுந்தாலும் விழாவிட்டாலும் பேசிய தொகையைக் கட்டியே தீர வேண்டும். சாரல் பொய்த்தாலும் நட்டம். வெள்ளம் மிகுந்து குளிக்கத் தடை விதித்தாலும் நட்டம். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கொரோனாவால் சீசன் முழுவதும் பாழானபோது அவர்கள் பட்ட பாட்டை நாம் கண்ணால் கண்டோம்.

பந்தாட்டக் கழகமும் அவ்வாறே. ஆட்டம் நடப்பது ஆண்டில் சில மாதங்கள். கூலியோ மாதந்தோறும் கொடுக்க வேண்டியது. கூட்டம் வருமா வராதா என்பது ஆட்டத்தின் போக்கைப் பொறுத்தது. கொடுக்க வேண்டியதோ முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திட்டாயிற்று. வருவது உறுதியில்லாதது, போவது உறுதியானது என்னும் இந்த இடைவெளியில்தான் எல்லாக் கழகங்களும் தடுமாறுகின்றன. குற்றாலத்துக் கடைக்காரர்களுள் அனுபவசாலிகள் இதை நன்கறிவர். நல்ல சீசனில் கிடைத்ததில் ஒரு பகுதியைத் தொடாமல் ஒதுக்கி வைப்பார்கள். அனுபவமில்லாதவரோ ஒரு நல்ல சீசனைக் கண்டு மயங்கி, மறு ஆண்டு ஏலத்தில் இரட்டிப்பாகக் கேட்டு எடுத்து, கடனாளியாகி ஊரைவிட்டுப் போவார்கள்.

நம் நாட்டுக் கழகங்களுக்கு மேற்சொன்ன மூன்று வழிகளும் ஒடுங்கியவை. கல்கத்தா மைதானத்தில் முஹம்மதன் முதலிய பெருங்கழகங்களுக்குத் தனித்தனி ஆட்டத்திடல்கள் உண்டெனினும், அந்நிலம் இராணுவத்தின் பொறுப்பில் உள்ளது. பேரரங்கம் எழுப்பிக் கட்டணம் வசூலிக்க அங்கு வழியில்லை. முதன்மை லீக் ஆட்டங்களைப் பிற அரங்குகளில்தான் ஆட வேண்டியிருக்கிறது. தொலைக்காட்சிப் பணமோ பெரும்பாலும் கிரிக்கெட்டைத் தேடிப் போகிறது. ஆகவே இங்கு நான்காவதாக ஒரு வழி உண்டாயிற்று. அதுதான் புரவலர் வழி. ஒரு செல்வந்தரோ ஒரு நிறுவனமோ முன்வந்து, 'நட்டத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்வதை நம்பிக் கழகம் நடத்தும் வழி.

அந்த நான்காம் வழியின் வரலாறு துயரமானது. நம் மலைக்கு அப்பால் கொச்சியில் 1997இல் எஃப்.சி. கொச்சின் என்னும் கழகம் பெரும் ஆரவாரத்துடன் தொடங்கியது. அந்த ஆண்டிலேயே டூரண்ட் கோப்பையை வென்று கேரளத்துக்குக் கொண்டு வந்தது. ஐந்தாறு ஆண்டுகளுக்குள் வீரர்களுக்குச் சம்பளம் தர இயலாமல் முடங்கியது. பஞ்சாபின் பக்வாராவில் 1971 முதல் ஆடிவந்து, 1996-97இல் முதல் தேசிய லீக் பட்டத்தையும் வென்ற ஜே.சி.டி. அணியை அதன் ஆலை நிறுவனம் 2011இல் கலைத்தது. அதற்கு முந்திய ஆண்டில் பம்பாயின் மஹிந்திரா யுனைடெட் கலைக்கப்பட்டது. அந்த இரு நிறுவனங்களும் திவாலாகி அணிகளைக் கலைக்கவில்லை. போதும் என்று தோன்றியது; நிறுத்திவிட்டார்கள். புரவலரின் மனத்தில் ஓர் எண்ணம் மாறினால் முப்பது குடும்பங்களின் அடுப்பு அணைந்துவிடும் என்பதற்கு இவை சான்றுகள்.

நம் சென்னையையே பாருங்கள். 2015இலும் 2017-18இலும் பட்டம் வென்ற சென்னையின் எஃப்.சி. கழகம், 2025 ஆகஸ்டில் தன் செயல்பாடுகளைக் காலவரையின்றி நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. பெங்களூரு எஃப்.சி.யும் முதல் அணியினர்க்கும் ஊழியர்க்கும் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. காரணம் அவர்கள் தோற்றது அன்று. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் தன் வணிக உரிமைகளை 2010இல் ஒரு நிறுவனத்துக்கு 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு விட்டிருந்தது. 2025 டிசம்பர் 8 அன்று முடிவடைய வேண்டிய அவ்வொப்பந்தத்தைப் புதுப்பிப்பது பற்றித் தெளிவு பிறக்காமையால், அடுத்த பருவம் ஜூலையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் ஏலம் அறிவித்தபோது, நவம்பர் வரை கேட்க ஒருவரும் முன்வரவில்லை. தாமதப்பட்ட பருவத்தைச் சுருக்கிய வடிவில் 2026 பிப்ரவரியில் தொடங்குவதென்று ஜனவரியில்தான் அறிவிப்பு வந்தது. அருவிக்கரையில் கடை போட்டுவிட்டு, அருவியே திறக்குமா திறக்காதா என்று காத்துக் கிடந்த நிலை அது.

'இதெல்லாம் வறுமையின் விளைவு. பணம் மிகுந்த நாடுகளில் இவ்வாறு நேராது' என்று எண்ணிவிடலாகாது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுக்கு உரிமையான பார்சிலோனா கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்று அதன் தலைவர் 2021 ஆகஸ்டில் அறிவித்தார். கழகத்துக்கு நூறு யூரோ வருமானம் வந்தால் சம்பளத்துக்கே நூற்று மூன்று யூரோ போகிறது என்றும் அவர் கூறினார். உலகப் புகழ் பெற்ற மெஸ்ஸி அந்த மாதம்தான் அக்கழகத்தை விட்டுக் கண்ணீருடன் வெளியேறினார். இங்கிலாந்தில் 1885இல் தோன்றிய பரி என்னும் கழகம், கடன்களைத் தீர்ப்பதற்கு வழி காட்ட இயலாமையால் 2019 ஆகஸ்ட் 27 அன்று லீகிலிருந்தே நீக்கப்பட்டது. நூற்று முப்பத்து நான்கு ஆண்டுப் பெயர் ஒரே இரவில் பட்டியலிலிருந்து மறைந்தது. ஆகவே நோய் வறுமையன்று. வரவுக்கு மேல் வாக்குக் கொடுப்பதே நோய்.

இவ்விடத்தில் நாம் ஓதிய கிதாபுகளின் பாடங்களை நினைவுகூர்வது பொருந்தும். பிறர் உழைப்பைப் பெறுவதை ஃபிக்ஹு நூல்கள் 'இஜாரா' என்னும் பாடத்தில் பேசுகின்றன. வேலை இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். காலம் தெரிந்திருக்க வேண்டும். கூலி தெரிந்திருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று மயங்கினாலும் ஒப்பந்தம் பழுதுபடும். சுதந்திரமான மனிதனின் உழைப்பைத்தான் கூலிக்குக் கொள்ளலாமே தவிர, அவனையே உடைமையாக்கிக் கொள்ளலாகாது. ஐரோப்பாவின் பந்தாட்டக் கழகங்கள் இந்த எளிய உண்மையை ஏற்க 1995 டிசம்பர் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை ஒப்பந்தக் காலம் முடிந்த வீரனும், பழைய கழகத்துக்குப் புதிய கழகம் விலை கொடுத்தாலன்றிப் போக முடியாது. பெல்ஜியம் நாட்டு ஜான் மார்க் போஸ்மான் என்னும் வீரர் தொடுத்த வழக்கில், காலம் முடிந்தவன் சுதந்திரமானவன் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குப் பிறகே வீரர்களின் கூலி வேகமாக உயர்ந்தது. கழகங்களின் கணக்கில் சம்பளமே தலையாய செலவாயிற்று.

அடுத்தது 'முளாரபா' என்னும் பாடம். ஒருவர் முதல் போடுகிறார், மற்றவர் உழைக்கிறார். இலாபத்தில் இன்ன விகிதம் இன்னாருக்கு என்று முன்பே பேசிக்கொள்கிறார்கள். நட்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதலில் குறைவு. உழைத்தவருக்கு உழைப்பு வீண். இதில் ஒளிவு மறைவு இல்லை. நம் கழகங்களுக்கு வரும் புரவலர் பணம் இந்த வகையா, நன்கொடையா, கடனா? பல இடங்களில் யாருக்கும் தெரியாது. கொடுக்கும் நாளில் அது நன்கொடை. கணக்குக் கேட்கும் நாளில் அது முதல். பிணக்கு வந்த நாளில் அது கடன். முஹம்மதன் கழகத்துக்கு 2020இல் ஒரு முதலீட்டாளரும் 2024இல் இன்னொருவரும் வந்தனர். பங்குகளைக் கைமாற்றுவது பற்றிக் கழகத்துக்கும் முதலீட்டாளருக்கும் எழுந்த கருத்து வேறுபாடு நாளிதழ்களில் வெளியாயிற்று. யார் பக்கம் நியாயம் என்று தென்காசியில் அமர்ந்துகொண்டு தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. பெரியவர்கள் இருவர் பங்கு பற்றி வாதிடும்போது, அந்த வாதத்தில் ஒரு தரப்பாகக்கூட இல்லாத வீரனின் கூலி நின்றுபோகிறது.

மூன்றாவது பாடம் 'வக்ஃபு'. மூலத்தை அழியாமல் நிறுத்தி வைத்து, அதன் பலனை மட்டும் செலவிடுவது. ஒரு பழைய கழகத்தின் பெயர் அத்தகைய மூலம் என்பது நமது கருத்து. 1934இல் ஆடியவர்கள் ஈட்டி வைத்த பெயர் அது. இன்று பொறுப்பில் இருப்போர் அதன் முத்தவல்லிகளே அன்றி உரிமையாளர்கள் அல்லர். அந்தப் பெயரைக் காட்டி வருமானம் தேடலாம், அது பலன். அந்தப் பெயரைக் காட்டி, கொடுக்க வழியில்லாத கூலிக்கு வீரனை அழைத்து வருவது மூலத்தையே விற்றுத் தின்பதாகும். ஒவ்வொரு பாக்கிக்கும் அப்பெயரின் மதிப்பில் ஒரு கல் பெயர்ந்து விழுகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதோடு, எத்தகைய பணம் என்பதும் கேட்கத்தக்கதே. உலகெங்கும் கழகங்களின் சட்டைகளில் சூதாட்ட நிறுவனங்களின் பெயர்கள் இடம்பிடித்தன. இங்கிலாந்தின் முதன்மை லீக் கழகங்களே, 2025-26 பருவத்துக்குப் பிறகு சட்டையின் முன்புறத்தில் அப்பெயர்களைப் பொறிப்பதில்லை என்று 2023 ஏப்ரலில் முடிவு செய்தன. நம் நாட்டிலும் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் சட்டமியற்றித் தடை செய்தது. நம் பிள்ளைகள் விரும்பி வாங்கி அணியும் சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பெற்றோர் ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

இத்தனைக்கும் மாற்று இல்லையா என்றால், இருக்கிறது. ஜெர்மனியில் கழகத்தின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் ஒன்றேனும் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒரு சில விதிவிலக்குகள் தவிர, எவ்வளவு பெரிய செல்வந்தரும் கழகத்தைத் தம் விருப்பப்படி ஆட்ட முடியாது. அதைக் காட்டிலும் முக்கியமானது, ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் ஒவ்வொரு கழகமும் வரும் ஆண்டின் செலவுக்குப் பணம் இருக்கிறது என்பதைக் கணக்குக் காட்டி உரிமம் பெற்றாக வேண்டும் என்னும் ஏற்பாடு. பந்து உருளும் முன்பே ஏடு சரிபார்க்கப்படுகிறது. ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனமும், வீரர்களுக்கான செலவு வருமானத்தில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் போகலாகாது என்னும் வரம்பைப் படிப்படியாக இறுக்கி, 2025-26 பருவத்திலிருந்து முழு அளவில் வைத்திருக்கிறது. நூற்றுக்கு எழுபது என்பது வேதவாக்கன்று. ஆனால் ஒரு வரம்பு இருக்க வேண்டும் என்பதும், அது முன்னதாகவே இருக்க வேண்டும் என்பதும் அறிவுடைமை.

கூலி நிலுவை என்னும் சொல்லைச் செய்தித்தாளில் படிக்கும்போது நமக்கு ஏன் மனம் பதறுகிறது என்பதையும் சொல்லிவிடுவோம். புரவலர் பணத்தில் நடக்கும் நிலையங்களில் ஊதியம் பெற்று வாழ்வது இன்னதென்று நாம் அனுபவத்தால் அறிவோம். இளமையில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு மதரஸாவில் ஓதிக்கொடுத்து வந்தோம். அதை நடத்தியவர்கள் நல்லெண்ணம் படைத்தவர்கள்தாம். வெளிநாட்டிலிருந்த ஓர் அன்பரின் காணிக்கையை நம்பியே எங்கள் சம்பளம் இருந்தது. அவருடைய தொழிலில் இடர் வந்தது, பணம் நின்றது. ஐந்து மாதங்கள் எங்களுக்குச் சம்பளம் இல்லை. அந்த ஐந்து மாதங்களில் முகப்பு வளைவுக்கு வண்ணம் பூசும் வேலை மட்டும் நிற்கவில்லை. 'வளைவுக்கென்று ஒருவர் தனியாகக் கொடுத்தது. அதைச் சம்பளத்துக்கு எடுக்கலாகாது' என்றார்கள். சட்டப்படி அது சரியே. ஆனால் பளிச்சென்ற அந்த வளைவின் கீழ் நுழையும் ஒவ்வொரு காலையிலும், மளிகைக் கடைக்காரரின் முகத்தைத் தவிர்த்துச் சந்து வழியாக வந்த நம் கால்களை நாம் பார்த்துக்கொண்டே போனோம். நம் வீட்டுக்காரி அந்நாளில் ஒருமுறையேனும் முகம் சுளித்ததில்லை. அதுவே நமக்குப் பெரும் பாரமாக இருந்தது.

கோப்பையும் இத்தகைய முகப்பு வளைவுதான். பார்ப்போர் கண்ணுக்கு அது தெரியும். அதற்குக் கொடுக்கவும் பலர் வருவர். வீரனின் வீட்டில் அரிசி வாங்கியாயிற்றா என்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அதற்குக் கொடுப்போரும் அரியர். பயிற்சிக்கு வர மறுத்த வீரர்களைப் 'பணத்தாசை பிடித்தவர்கள்' என்று சிலர் பேசக் கேட்டோம். ஓர் ஆட்டக்காரனின் உழைப்புக் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே. முழங்கால் ஒன்று முறிந்தால் அதுவும் இல்லை. அவனுக்குச் சேர வேண்டியதை அவன் கேட்பது ஆசையன்று, உரிமை.

சென்ற ஆண்டு சாரல் காலத்தில் நம் மஹல்லாவின் இளைஞர்கள் சிலர் நம்மைத் தேடி வந்தனர். குற்றாலத்துக்குக் கூட்டம் வரும் நாட்களை ஒட்டி ஊரில் ஒரு பந்தாட்டப் போட்டி நடத்தப் போவதாகவும், தங்கள் அணிக்கு மலப்புறத்திலிருந்து நான்கு ஆட்டக்காரர்களை நாட்கூலிக்கு அழைத்து வரப் போவதாகவும் கூறினர். அங்கே எழுவர் ஆட்டம் திருவிழாப் போல் நடப்பதும், ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி வருவதும் நாம் அறிந்ததே. 'பணம்?' என்றோம். துபாயில் இருக்கும் ஓர் அண்ணன் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார் என்றனர். 'அனுப்பிவிட்டாரா?' என்றோம். ஒருவன் சிரித்துக்கொண்டே, 'ஹஜ்ரத், முதலில் நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டு வருவோம். ஜெயித்தால் பணம் தானாக வரும்' என்றான்.

எஃப்.சி. கொச்சினும் பார்சிலோனாவும் எண்ணியது இதைத்தான். நம் தம்பிமார்களிடம் அப்பெயர்களைச் சொல்லிப் பயனில்லை என்பதால், ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்று கோடுகள் போட்டோம். முதற்பத்தியில் கையில் வந்த பணம்; இரண்டாம் பத்தியில் தருவதாகச் சொன்ன பணம்; மூன்றாம் பத்தியில் நாம் தருவதாகச் சொன்ன பணம். 'மூன்றாவதை முதலாவதிலிருந்து மட்டுமே எழுதுங்கள். இரண்டாவது வந்தால் அதில் சட்டை தைத்துக்கொள்ளுங்கள், கோப்பை வாங்குங்கள், பந்தல் போடுங்கள். கூலியை மட்டும் அதில் எழுதாதீர்கள்' என்றோம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கையிலிருந்த பணம் நான்கு பேருக்குப் போதவில்லை. இரண்டு பேருக்கே போதியது. முகம் வாடியது. நெடுநேரம் வாதாடினர். இறுதியில் இரண்டு பேரை அழைப்பதென்றும், அவர்கள் கூலியைப் போட்டிக்கு முன்பே எடுத்து ஒரு பெரியவரிடம் அமானத்தாக வைப்பதென்றும் முடிவு செய்தனர்.

துபாய்ப் பணம் சொன்னதில் பாதிக்கும் குறைவாக, சொன்ன நாளுக்குப் பிறகு வந்தது. அணி அரையிறுதியில் தோற்றது. ஆட்டம் முடிந்த அன்று இரவே அந்த இரு ஆட்டக்காரர்களும் தங்கள் கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு செங்கோட்டை வழியாகப் பேருந்து ஏறினர். போகும்போது அவர்களுள் ஒருவர், 'அடுத்த கொல்லம் கூப்பிட்டால் நாங்கள் வருவோம்' என்று மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனாராம். அந்தச் சொல்லை ஈட்ட அந்தப் பிள்ளைகள் ஒரு கோப்பையை இழந்தனர். நல்ல வாணிகம் என்றே நமக்குத் தோன்றுகிறது.

முஹம்மதன் கழகம் மீண்டும் தலை நிமிர வேண்டும் என்பது நம் போன்ற பல்லாயிரம் குடும்பங்களின் விருப்பம். அதற்கு வேண்டியது புதியதொரு செல்வந்தர் மட்டும் அன்று. வந்த பணம் எவ்வகையைச் சேர்ந்தது என்று எழுத்தில் இருக்க வேண்டும். கூலிக்கான தொகை பருவம் தொடங்கும் முன்பே தனியே ஒதுங்கியிருக்க வேண்டும். ஆண்டுதோறும் கணக்கு உறுப்பினர் முன் படிக்கப்பட வேண்டும். அணி சிறியதாக இருந்தாலும், கீழ்ப்படியில் ஆடினாலும், பாக்கியில்லாத கழகம் என்னும் பெயர் நிலைக்க வேண்டும். 1933இல் கீழ்ப்படியில்தான் அவர்கள் இருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது.

இந்த அளவுகோலை வாசக அன்பர்கள் கல்கத்தாவோடு நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கின்றோம். நம் ஊர்ச் சங்கங்கள், பள்ளிக்கூடங்கள், மதரஸாக்கள், விழாக் குழுக்கள் எல்லாமே புரவலர் பணத்தால் நடப்பவை. ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இவ்வாண்டு என்ன கட்டினோம்?' என்பதன்று. 'நம்மிடம் உழைத்தவர் எவருக்கேனும் பாக்கி இருக்கிறதா?' என்பதே. அக்கேள்விக்கு 'இல்லை' என்று தயக்கமின்றி விடை சொல்லும் கழகம் எதுவோ, அதுவே வென்ற கழகம்.